நான்காம் தொட்டி

தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன கல்லை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று கித்தேரி கேட்டாள்.

பாசிமுனைக் கடல் ஆய்வு நிலையத்துக்கு இப்படி ஒரு கோரிக்கையோடு யாரும் வந்ததில்லை. கெஞ்ச வந்திருக்கிறார்கள். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். கித்தேரி தனியாக, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நிலையத்தின் பொறுப்பாளர் தமயந்தி அவளை ஆய்வறைக்குள் அழைத்துப் போனாள். விதிப்படி அது கூடாது. ஆனால் திங்கட்கிழமை தான் கையெழுத்துப் போடப்போகும் காகிதம் இந்தப் பெண்ணின் படகைப் பதிவேட்டிலிருந்தே அடித்துவிடும் என்று தெரிந்த பிறகு, விதியைச் சொல்லி அவளை வாசலில் நிறுத்தத் தமயந்திக்கு வாய் வரவில்லை.

கல் நுண்ணோக்கியின் அடியில் கிடந்தது. காகிதம்போல் மெல்லிதாகச் சீவியிருந்தார்கள். கித்தேரி குனிந்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

“இத்துனூண்டுதானா?”

“அவ்வளவுதான். விளமீனோட காதுக்குள்ள இருந்த கல்லு.”

“கத்தாழை மீனு தலையில கெடக்குமே, அது மாதிரியா? அதைப் பொறுக்கி வச்சுத் தட்டாங்கல்லு ஆடியிருக்கோம். அதுக்கு வாய் இருக்குன்னு அப்பத் தெரியாமப் போச்சு.”

தமயந்தி சிரிக்கவில்லை. சிரிப்பதா கூடாதா என்று அவள் முடிவு செய்வதற்குள் பேச்சு எப்போதும் அவளைத் தாண்டிப் போய்விடும்.

“மரத்தை அறுத்தா வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும் இல்லையா? இதுல நாளைக்கு ஒண்ணு” என்றாள். “மீன் அன்னைக்கு எந்தத் தண்ணியில இருந்துச்சோ, அந்தத் தண்ணியோட ருசி அன்னைய வளையத்துல ஒட்டிக்கும். ஒவ்வொரு இடத்துத் தண்ணிக்கும் ஒரு ருசி உண்டு. பக்கத்துல இருக்கே இந்தப் பெட்டி, அது வளையம் வளையமா அதைப் படிக்கும். மீன் எந்த நாள் எங்க இருந்துச்சுன்னு வரைபடத்துல புள்ளி வைக்கும்.”

“பொறந்த நாள்லருந்தா?”

“பொறந்த நாள்லருந்து.”

“எங்க வீட்டு மனுசனுக்கும் காதுல ஒரு கல்லு இருந்தா நல்லாருந்திருக்கும்.” கித்தேரி நிமிர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெகுநேரம் பார்த்ததில் கண்ணில் நீர் வந்திருந்தது. அழுகை இல்லை. “சரி. எங்க மீனு எங்க இருந்துச்சுன்னு சொல்லுது?”

தமயந்தி திரையைக் காட்டினாள். மூன்று வருடத்துப் புள்ளிகள் கரையோரமாக அலைந்துவிட்டு, கடைசி ஒன்பது நாளும் தீவுகளைச் சுற்றி வரைந்த சிவப்புக் கோட்டுக்குள் நெருக்கமாக விழுந்திருந்தன.

அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் இருப்பதுதான் காப்பு நீர். ஆறு வருடங்களுக்கு முன்பு தீவுகளைச் சுற்றி வலையும் தூண்டிலும் கூடாது என்று சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். தமயந்தி இந்தக் கடலுக்கு மாணவியாக வந்தபோது பார்த்த பவளப் பாறைகளில் பாதி, அவள் தலையில் நரை விழுவதற்குள் வெளுத்துச் செத்துவிட்டன. ஆனால் கடலுக்கு வேலி போட முடியுமா? ரோந்துப் படகு கிழக்கே போனால் மேற்கே வலை விழும். அப்போதுதான் அவள் காதுக்கல்லை யோசித்தாள். படகைக் காவல் காக்க முடியாவிட்டால் மீனையே கேட்டுவிடலாம். இரண்டு வருடம் உட்கார்ந்து எந்தத் தண்ணிக்கு எந்த ருசி என்று வரைபடம் செய்தாள். அவளுடைய பெட்டியைக் காப்பு நீர் ஆணையம் சட்டத்தில் சேர்த்தது. கரைக்கு வரும் ஒவ்வொரு படகிலிருந்தும் மூன்று மீன் எடுப்பார்கள். காப்பு நீரில் பிடித்தது என்று கல் சொன்னால் முதல் தடவை ஒரு மாதம் கரையில். இரண்டாம் தடவை ஆறு மாதம். மூன்றாம் தடவை படகுக்குப் பதிவே கிடையாது. கித்தேரியின் படகுக்கு இது மூன்றாம் தடவை.

பெட்டி வந்து இரண்டு வருடம் ஆகிறது. தலையில்லாத மீனைக் கரைக்குக் கொண்டுவருவதே குற்றம் ஆனது. ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள், “கல்பட்ட படகா?” என்று முதலில் விசாரித்தார்கள். பதினொரு படகுகள் இதுவரை கல்பட்டிருந்தன. பதினொன்றும் பாசிமுனைப் படகுகள். பக்கத்து ஊர் ஒன்றுகூட இல்லை. தீவுக்கு அதுதானே கிட்டத்தில் இருக்கிற ஊர் என்று ஆணையத்தில் சொன்னார்கள். தமயந்தியும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் கிட்டத்தில் இருக்கிற ஊர்க்காரன் தான் முதலில் பிடிபடுவோம் என்று தெரிந்தும் போவானா என்ற கேள்வி, குளிக்கும்போதும் பல் துலக்கும்போதும் அவளோடு இருந்தது.

“என் தம்பி சவரிமுத்து போவல” என்றாள் கித்தேரி. “இந்த மீனை அவன் உள்ள போயிப் பிடிக்கல.”

“அப்போ எங்க பிடிச்சாரு? இடத்தைச் சொல்லுங்க, நான் பாக்குறேன்.”

கித்தேரி குடையின் கைப்பிடியைத் திருகினாள். வெளியே தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“அதைச் சொல்ல முடியாது மேடம்.”

“ஏன்?”

“முடியாதுன்னா முடியாது.”

இதே பதிலைத்தான் அந்தப் பதினொரு படகுக்காரர்களும் விசாரணையில் சொன்னார்கள். ஒளிப்பவர்கள் சொல்லும் பதில். தமயந்தியின் மனசு கொஞ்சம் கல்லாயிற்று.

போகும்போது கித்தேரி வாசலில் திரும்பி நின்றாள். “ஒண்ணு கேக்கட்டுமா? ஏலக்கூடத்துக்குப் புதுத் தராசு வந்தா, மொதல்ல எடை தெரிஞ்ச கல்லை வச்சுப் பாப்போம். பொறவுதான் மீனை வைப்போம். இந்தப் பெட்டிக்கு அப்படித் தெரிஞ்ச மீனு ஏதாவது குடுத்துப் பாத்தியளா?”

“ஆரம்பத்துல நாப்பது மீன் குடுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியா சொல்லுச்சு.”

“அந்த நாப்பதும் எங்கெங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு நாளும்?”

கித்தேரி குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

*

தெரிந்த மீன். பிறந்த நாளிலிருந்து இறந்த நாள்வரை எங்கே இருந்தது என்று சந்தேகமே இல்லாத மீன். கடலில் அப்படி ஒன்று கிடையாது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குத் தாசில்தார் ஞாபகம் வந்தது.

தாசில்தார் ஒரு விளமீன். நிலையத்திலேயே முட்டையிலிருந்து பொரிந்து, ஏழாம் தொட்டியிலேயே ஆறு வருடம் வாழ்ந்தது. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கொம்பையா வைத்த பேர். ஏன் அந்தப் பேர் என்று மாணவர்கள் கேட்டால், “கூப்பிட்டா வராது. சாப்பாடு வச்சா வரும்” என்பார். சித்திரையில் அது செத்துப்போனது. செத்த மீன்களைப் புதைக்கும் குழியில் போடச் சொன்னபோது அவர் கேட்கவில்லை. ஜாடியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று சொல்லி உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தார். ஜாடி இன்னும் வரவில்லை.

“தலையை அறுக்கணுமா மேடம்?” என்றார் கொம்பையா. இருபத்தாறு வருடமாக அங்கே வேலை. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான் இன்னும். பொதுவாகவே தரையைப் பார்த்துப் பேசுகிறவர், இப்போது உறைபெட்டியைப் பார்த்துப் பேசினார்.

“சின்ன வெட்டுதான். வெளியே தெரியாம எடுத்துடுறேன்.”

“எடுத்துக்கிடுங்க. அது ஒண்ணும் சொல்லப்போறதில்ல.”

கல்லைச் சீவித் தேய்த்துப் பெட்டிக்குள் வைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆறு வருடத்து வளையங்கள். பெட்டி பொறுமையாகப் படித்தது. எதை எதிர்பார்க்கிறோம் என்று தமயந்தி யோசித்தாள். தொட்டித் தண்ணீர் வரைபடத்தில் இல்லை. அதனால் ‘இடம் தெரியவில்லை’ என்று வரும். வந்தால் பெட்டி நேர்மையானது. நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம்.

திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. ஒன்று, பத்து, நூறு. எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே. ஒரு நாளும் நகரவே நகராத தாசில்தார், ஆறு வருடமும் தீவுகளுக்கு நடுவில், தடை செய்யப்பட்ட கடலில் வாழ்ந்ததாகப் பெட்டி சொன்னது. தொண்ணூற்றெட்டு சதவிகித உறுதியோடு சொன்னது.

அவள் நாற்காலியில் அப்படியே இருந்தாள். முதலில் வந்தது பயமா, வெட்கமா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். இரண்டும் இல்லை. முதுகில் நெடுநாளாக ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ லேசாக எழுந்து நின்றதுபோல் இருந்தது.

“கொம்பையா” என்று கூப்பிட்டாள். “நான் வரைபடம் செஞ்சப்போ காப்பு நீர்லருந்து மீன் பிடிச்சோமே. அதை எப்போ கொன்னோம்?”

“அனுமதி வந்த பொறவு.”

“அனுமதி எப்போ வந்துச்சு?”

“அது எப்ப வந்துச்சு, ஒழுங்கா வந்திருந்தாத்தான! காப்பு நீர் மீனைக் கொல்லணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஆணையத்துல காயிதம் வேணும்னு சட்டம்லா. உயிரோட கொண்டாந்து நாலாம் தொட்டியில விட்டுட்டுக் காத்துக் கெடப்போம். பத்து நாளாவும், இருவது நாளாவும். காயிதம் வந்த அன்னைக்குத்தான் நீங்க கல்லை எடுப்பிய.”

“வெளிக்கடல் மீனு?”

“அதுக்கு எதுக்குக் காயிதம்? ஏலக்கூடத்துல செத்த மீனா வாங்கியாந்தோம்.”

அவ்வளவுதான். மூன்று பதில்களில் முடிந்துபோயிற்று. ஒரு மீனின் கடைசிப் பத்து வளையங்கள்தான் பிடிபட்ட இடத்தின் ருசி என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிக்கடல் மீனுக்கு அது சரி. காப்பு நீர் மீன்களோ கடைசிப் பத்து நாளும் நான்காம் தொட்டியில் காகிதத்துக்காகக் காத்திருந்தன. படிவத்தில் இறந்த தேதிக்குத்தான் கட்டம் இருந்தது. பிடித்த தேதி கொம்பையாவின் தீவன நோட்டில் மட்டும் இருந்தது. அந்த நோட்டை யாரும் திறக்கவில்லை. சோதித்துப் பார்த்த நாற்பது மீன்களும் அதே தொட்டி வழியாக வந்தவை. காப்பு நீரின் ருசி என்று அவள் உலகத்துக்குச் சொன்னது, நிலையத்தின் மணல் கிணற்றில் ஊறி எல்லாத் தொட்டிகளுக்கும் வரும் தண்ணீரின் ருசி. சட்டத்தை மதித்து, ஒரு மீனைக்கூட அனுமதியில்லாமல் கொல்லாமல் காத்திருந்ததுதான் பிழை. கொஞ்சம் சட்டம் மீறியிருந்தால் வரைபடம் சரியாக வந்திருக்கும்.

*

ஆனால் இன்னொரு முடிச்சு மிச்சமிருந்தது. தொட்டித் தண்ணீரின் ருசி பாசிமுனைக்காரர்களின் மீனுக்கு எப்படி வந்தது? அவை தொட்டி மீன்கள் இல்லையே.

அவள் வெளியே வந்தாள். நாலு மணி வெயில் தொட்டிகளின் மேல் சாய்ந்திருந்தது. தொட்டிகளிலிருந்து கழியும் தண்ணீர் ஒரு தடித்த குழாயில் சேர்ந்து, மணலைக் கடந்து, இருநூறு மீட்டர் தள்ளிக் கடலில் விழுகிறது. குழாய் விழும் இடம் காப்பு நீர் இல்லை. யாரும் மீன் பிடிக்கலாம். அவள் குழாயோடு நடந்தாள். கொம்பையா பின்னால் வந்தார். நடை தளர்ந்தது. பிறகு நின்றுவிட்டார்.

“மேடம்.”

அவள் திரும்பினாள்.

“நான் ஒண்ணு சொல்லுதேன். சொன்ன பொறவு நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க.” அவருடைய கை தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கியது. “மிஞ்சின கணவா மீன் துண்டு, தீவனம், எல்லாம் நான் இந்தக் குழாய்லதான் விடுதேன். சாயங்காலம் சாயங்காலம். கொட்டக்கூடாதுன்னு நீங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிய. கொட்டினா வேலை போவும்னு போட்டிருக்கு. தெரிஞ்சேதான் செஞ்சேன். குழியில போட்டா நாய் தோண்டுது. இதுல விட்டா மீனாவது திங்கும்னு...”

“மீன் வருதா?”

“வருதாவா? குழாய் வாயில விளமீன் கூட்டமாக் கெடக்கும். போவவே போவாது. நம்ம ஊரு ஆளுவ அங்கனதான் தூண்டில் போடுவானுவ.”

“இது உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?”

“மூணு வருசமா.”

“அவங்க கல்பட்டப்போ, இதைச் சொல்லணும்னு தோணலையா?”

கொம்பையா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பெட்டி சொல்லுச்சே மேடம், தீவுக்குள்ள போயிப் பிடிச்சானுவன்னு. இங்கனயும் பிடிப்பானுவ, ஆசை விடாம அங்கயும் போயிருப்பானுவன்னு நெனச்சேன். நீங்க செஞ்ச பெட்டி. அது தப்பாச் சொல்லும்னு நான் எப்படி நெனைப்பேன்?”

தமயந்தியும் அப்படியே நினைத்தவள்தான். குழாய் வாயில் தண்ணீர் நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. கீழே பத்திருபது நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அசைந்தன.

*

அன்று சாயங்காலமே இருவரும் கித்தேரியின் வீட்டுக்குப் போனார்கள். கித்தேரி கொம்பையாவைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டீரா கொம்பையாண்ணே? கெட்டீரு போம்.”

“உங்களுக்கு எல்லாருக்கும் தெரியுமா?” என்றாள் தமயந்தி.

“தெரியாம என்ன? மொதப் படகு கல்பட்டப்பவே ஆம்பளைய எல்லாம் கோயிலுக்குப் பின்னால உக்காந்து பேசினாங்க. குழாயடின்னு சொன்னா, ஏன் அங்க மீன் கூடுதுன்னு கேப்பீய. கேட்டா இவரு மாட்டுவாரு. நீங்கதான் வேலை போவும்னு எழுதி ஒட்டியிருக்கீயளே.”

“படகு போகுதுன்னு தெரிஞ்சுமா?”

“எங்களுக்குக் கூலிக்குப் போகவாவது தெரியும். இவருக்கு மீனுக்குச் சோறு போடுறதை விட்டா வேற என்ன தெரியும்?” கித்தேரி கொம்பையாவைக் கையால் காட்டினாள். அவர் தலை இன்னும் கீழே போனது. “அதுவும் போக, சொன்னா மட்டும் நம்பியிருப்பீயளா? பெட்டி தீவுங்குது, நாங்க குழாயடின்னா யாரு பேச்சு எடுபடும்? படகும் போயிருக்கும், இவரு வேலையும் போயிருக்கும். ஒண்ணாவது மிஞ்சட்டுமேன்னுதான்.”

தமயந்தி அந்த வீட்டின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“நோட்டீஸை நான்தான் ஒட்டினேன்” என்றாள்.

“அதுதான் தெரியுமே” என்றாள் கித்தேரி. “காப்பி குடிக்கியளா?”

*

ஆணையத்தின் துணை ஆணையர் வீரபாகு சனிக்கிழமை தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார். கெட்டவர் இல்லை. பிரச்சினையைச் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்.

“திங்கட்கிழமைப் படகுக்கு ‘முடிவு தெளிவாக இல்லை’ன்னு எழுதிடுங்க மேடம். அந்த அம்மா தப்பிச்சாங்க. பெட்டியைப் பழுது பார்க்கணும்னு ஆறு மாசம் நிறுத்தி வைப்போம். பழசைக் கிளற வேண்டாமே. உங்க இருபது வருஷப் பேரு இருக்குல்ல?”

“பதினோரு படகு இருக்கே சார்.”

“அதுல ஒண்ணு ரெண்டு நெசமாவே உள்ள போயிருக்கலாம்ல? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. என் பெட்டிக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப்போறேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். “எழுதிக் கொண்டாங்க. நான் தடுக்கல.”

திங்கட்கிழமை விசாரணைக் கூடத்தில் அவள் எழுதிக் கொண்டுபோனதைத் தமிழிலேயே வாசித்தாள். நாலு பக்கம். தொட்டி, காகிதம், தேதி, குழாய். குழாயில் தீவனம் கொட்டக் கூடாது என்று தான் போட்ட உத்தரவைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், அந்த உத்தரவின் பேரில் யார்மீதும் நடவடிக்கை கிடையாது என்றும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவள் குரல் முதல் பக்கத்தில் நடுங்கியது. மூன்றாம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. முடித்தபோது கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. திட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “அப்ப நாங்க போலாமா?”

“உத்தரவு தட்டச்சு ஆகட்டும்” என்றார் வீரபாகு.

“கடலுக்குப் போலாமான்னு கேட்டேன்.”

வீரபாகு கண்ணாடியைக் கழற்றினார். “போங்க.”

நாற்காலிகள் இழுபடும் சத்தம் ஒரே நேரத்தில் எழுந்தது. உத்தரவை வாங்க நாலு பேர்தான் மிஞ்சினார்கள். கூட்டத்தில் யாரோ போகிற போக்கில் தமயந்தியின் தோளை இடித்தார்கள். அது தற்செயலா, கோபமா, தட்டிக்கொடுத்ததா என்று தெரியவில்லை. எதுவானாலும் சரி என்று அவள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தவள், பட்டப்பகலில், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினாள்.

*

பெட்டிக்கு முத்திரை வைத்தார்கள். விசாரணைக் குழு வந்தது, போனது. வரைபடத்தைத் திரும்பச் செய்யலாம், ஆனால் பிடித்த இடத்திலேயே, பிடித்த நிமிடத்திலேயே கல்லை எடுக்க வேண்டும் என்று குழு எழுதியது. ஆணையம் இந்தத் தடவை எல்லா மீனுக்கும் சேர்த்து ஒரே காகிதம் கொடுத்தது. கொம்பையா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “நாலு வருசம் பிந்தி வந்துட்டு” என்றார்.

நிலையத்தின் படகு சின்னது. தீவுவரை போகாது. தமயந்தி கித்தேரியைக் கேட்டாள்.

“எங்க படகா? காப்பு நீருக்குள்ளயா?” கித்தேரி வாய்விட்டுச் சிரித்தாள். “பாக்குறவன் எல்லாம் மயங்கி விழுவான். சரி, வாரோம். நானும் வாரேன். ஆறு வருசமாச்சு அந்தத் தீவைக் கண்ணால பாத்து.”

ஐப்பசி மாதத்தில் ஒரு தெளிவான காலை. படகில் நாலு பேர். தமயந்தி, கொம்பையா, கித்தேரி, இயந்திரத்தைப் பிடித்தபடி அவள் தம்பி சவரிமுத்து. முப்பது வயது, ஒல்லியான ஆள். வார்த்தைக்குப் பஞ்சம். தண்ணீர் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. எல்லை மிதவையைத் தாண்டும்போது ரோந்துப் படகுக்காரன் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, படகின் பெயரைப் பார்த்துவிட்டு, மறுபடி காகிதத்தைப் பார்த்தான். கித்தேரி அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

தீவு நெருங்கியது. முன்னால் பாறைத் தொடர் அலையை வெள்ளையாக உடைத்துக்கொண்டிருந்தது. தமயந்தி மடியில் வரைபடத்தை விரித்தாள்.

“தெற்கே சுத்திப் போகணும் சவரிமுத்து. ஒரு மணி நேரம் ஆகும். இந்தப் பக்கம் வழி கிடையாது.”

“சரி மேடம்” என்றான் அவன்.

ஆனால் படகு தெற்கே திரும்பவில்லை. அவன் வேகத்தைக் குறைத்தான். பாறையை நோக்கி நேராகப் போய், ஒரு கருத்த முனையை இடப்பக்கம் விட்டு, சட்டென்று வலப்பக்கம் ஒடித்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவில் படகின் அகலத்தைவிட ஒரு முழம் கூடுதலாக ஒரு வாய் திறந்தது. போன வருடப் புயல் உடைத்த வாயாக இருக்க வேண்டும், உடைந்த பவளத்தின் விளிம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. அவன் கீழே குனிந்து பார்க்கவில்லை. ஆழம் பார்க்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் இயந்திரத்தை அணைத்து, மூன்று எண்ணும் நேரம் படகை அலையில் விட்டு, மறுபடி முடுக்கினான். படகு எங்கேயும் உரசாமல் உள்ளே, அசைவில்லாத தண்ணீருக்கு வந்து நின்றது.

அடியில் பவளம் தெரிந்தது. தமயந்தி இருபது வருடத்தில் இப்படி ஒரு நிறத்தை அங்கே பார்த்ததில்லை. தளிர் விட்டதுபோல் கிளை கிளையாக, மஞ்சளும் ஊதாவுமாக. அதன்மேல் மீன்கள், பயமில்லாமல்.

கொம்பையா தொண்டையைச் செருமினார். கித்தேரி மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏல.”

“என்னக்கா?”

“வழி நல்லாத் தெரியுதே உனக்கு.”

சவரிமுத்து கயிற்றைச் சுற்றினான். சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றினான். “காத்து இழுத்துட்டு வந்துட்டுக்கா.”

“எந்தக் காத்து?”

அவன் தமயந்தியைப் பார்த்தான். தீவுத் தண்ணீரின் நிஜ ருசியைப் படிக்காத பெட்டி, உள்ளே போய்ப் பிடித்த மீனை அதற்கு நெருக்கமான வெளிக்கடல் என்றுதான் சொல்லியிருக்கும். அன்றைக்கெல்லாம் இவன் தப்பித்திருப்பான். குழாயடியில் பிடித்த அன்றைக்கு மாட்டியிருப்பான். அவன் முகத்தில் அந்தக் கணக்கு முழுக்க ஓடியதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அவள் கேட்டிருக்கலாம். எத்தனை தடவை, எப்போது, எவ்வளவு. நாக்கு நுனிவரை வந்தது. படகின் அடியில் ஒரு விளமீன் குஞ்சுக் கூட்டம் வெயில் பட்டு ஒரே நேரத்தில் திரும்பியது. அந்த முகத்தைப் பார்த்தால் இனி அவன் இங்கே வலை போடமாட்டான் என்று தோன்றியது. போட்டாலும் போடுவான். அதைச் சொல்ல எந்தக் கல்லும் இப்போது அவளிடம் இல்லை. அது இல்லாதது நெஞ்சுக்கு எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் வாயைப் பொத்துவதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

கித்தேரி தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “சிரிக்காதிய மேடம். வீட்டுக்குப் போயி இருக்கு இவனுக்கு.”

“நோட்டுல என்ன எழுதட்டும் மேடம்?” என்றார் கொம்பையா. தேதியும் நேரமும் ஏற்கனவே எழுதியிருந்தார். “வந்த வழின்னு ஒரு கட்டம் போட்டிருக்கிய.”

“புது வழி” என்றாள் தமயந்தி. “இன்னைக்குக் கண்டுபிடிச்சதுன்னு எழுதுங்க.”